அப்பாவின் பழைய பாஸ்புக்கும் 'க்ளோஸ்' ஆன என் கணக்கும்: அந்தப் பணத்தைக் கேட்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கோத்தகிரிப் பக்கத்துப் பெண். அப்பா தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து, 2016 இல் இறந்துபோனார். இரும்புப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அவருடைய பாஸ்புக் ஒன்று கிடைத்திருக்கிறது. கடைசி வரவு 2008 செப்டம்பர், இருப்பு 6,340 ரூபாய். அந்த வங்கியின் பெயர்ப் பலகையே இப்போது எங்கும் இல்லை. இன்னொன்று அந்தப் பெண்ணின் சொந்தக் கணக்கு. கல்லூரியில் படிக்கும்போது தொடங்கியது. 2013 ஜூனுக்குப் பிறகு அதைத் தொடவே இல்லை, 2,900 ரூபாய் இருந்தது. சமீபத்தில் கிளைக்குப் போய்க் கேட்டால், "மினிமம் பேலன்ஸ் சார்ஜில் பணம் போய்விட்டது, அக்கவுண்ட் க்ளோஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டையும் திரும்பக் கேட்கலாமா என்பதுதான் கேள்வி.

இரண்டையும் கேட்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி கேட்கக் கூடாது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மலையில் இப்படிப்பட்ட பாஸ்புக்கோடு வந்து கவுண்டரில் நின்றவர்கள் நிறைய பேர். அவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பிப் போனதற்குக் காரணம் உரிமை இல்லாதது அல்ல. எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் அப்பாவின் கணக்கு. இதுதான் சுலபம், நம்புங்கள். சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் எந்த வரவு செலவும் செய்யவில்லை என்றால் அது செயல்படாத கணக்கு. வங்கி தானாகப் போடும் வட்டியோ, தானாக எடுக்கும் கட்டணமோ வரவு செலவாகக் கணக்கில் வராது. பத்து வருடம் அப்படியே கிடந்தால், வங்கி அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு அனுப்ப வேண்டும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி 2014 இல் வந்த ஏற்பாடு இது. உங்கள் அப்பாவின் பணம் 2018 கடைசியில் அங்கே போயிருக்கும்.

அங்கே போனதால் அது அரசாங்கப் பணம் ஆகிவிடாது. பணத்துக்கு உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். "ரிசர்வ் வங்கியிலிருந்து பணம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சில கிளைகளில் சொல்வார்கள். திட்டத்தின் விதி அப்படி இல்லை. வங்கி முதலில் உங்களுக்குக் கொடுக்க வேண்டும், பிறகு அந்தத் தொகையை நிதியிலிருந்து அது வாங்கிக்கொள்ளும். இதைக் கவுண்டரில் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

எவ்வளவு வரும்? 6,340 மட்டும் என்று நினைக்காதீர்கள். செயல்படாத கணக்குக்கும் சேமிப்பு வட்டி உண்டு. 2008 இல் சேமிப்பு வட்டி 3.5%. 2011 மே மாதம் 4% ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை வங்கிகளிடமே விட்டது, பெரும்பாலான பொதுத்துறை வங்கிகள் 2017 வரை 4% கொடுத்தன. இந்தக் கணக்கில் பார்த்தால் 2018 இல் அந்தத் தொகை சுமார் 9,250 ரூபாய் ஆகியிருக்கும். நிதிக்குப் போன பிறகு தனிவட்டிதான். 2018 ஜூலை முதல் 3.5%, 2021 மே 11 முதல் 3%. 2025 மே மாதம் வரை கணக்குப் போட்டால் மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் வரும். நடுவில் ஏதாவது கட்டணம் பிடித்திருந்தால் குறையும். வங்கி கொடுக்கும் தொகை இதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால், வட்டி எப்படிப் போட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வட்டியை விட்டுவிட்டு அசலை மட்டும் கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடாதீர்கள்.

அந்த வங்கி இப்போது எங்கே? பெயர் மறைந்தால் வங்கி போய்விட்டது என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். இணைந்த வங்கியின் கடன்களும் பொறுப்புகளும் அதை எடுத்துக்கொண்ட வங்கிக்குத்தான். ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர், திருவாங்கூர் இரண்டும் 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கிக்குள் போயின. விஜயா வங்கி 2019 இல் பாங்க் ஆஃப் பரோடாவுக்கு. சிண்டிகேட் கனராவுக்கும், கார்ப்பரேஷனும் ஆந்திராவும் யூனியன் வங்கிக்கும், அலகாபாத் இந்தியன் வங்கிக்கும் போனது 2020 ஏப்ரலில். லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் வங்கிக்குப் போனது. இன்னும் பழைய பாஸ்புக்காக இருந்தால், பாங்க் ஆஃப் மதுரா 2001 இல் ஐசிஐசிஐக்கும், பாங்க் ஆஃப் தமிழ்நாடு 1990 இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் போயின. கண்டுபிடிக்க முடியாவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி, அதாவது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி, அதன் மேலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். நீலகிரிக்கு முன்னோடி வங்கி கனரா வங்கி. எந்தக் கிளை எந்தக் கிளையோடு சேர்ந்தது என்று அங்கே சொல்லத் தெரியும்.

கிளைக்குப் போவதற்கு முன் கோரப்படாத பணத்தைத் தேடுவதற்கான ரிசர்வ் வங்கியின் உத்கம் (UDGAM) இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள். 2023 ஆகஸ்டில் தொடங்கியது, 2024 மார்ச்சில் 30 வங்கிகள் அதில் சேர்ந்திருந்தன. கோரப்படாத பணத்தில் சுமார் 90% இந்த 30 வங்கிகளில்தான் இருக்கிறது. கைபேசி எண்ணைப் பதிவு செய்து, ஓடிபி போட்டு, கணக்கு வைத்திருந்தவரின் பெயரோடு பிறந்த தேதி, வாக்காளர் அட்டை, பான் என ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தேட வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் முகவரி போதும். கணக்கு கிடைத்தால் ஒரு குறிப்பு எண் வரும், அதை எழுதிக்கொண்டு வங்கிக்குப் போகலாம்.

இங்கேதான் நம் மலைக்காரர்களுக்குச் சிக்கல். எஸ்டேட் ஆட்களின் பெயரை வங்கியில் எழுதியது பெரும்பாலும் அவர்களே இல்லை. செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் வேலையாள் பதிவேட்டில், கணக்கப்பிள்ளை எப்படி எழுதினாரோ, அதைப் பார்த்து கிளையில் ஆங்கிலத்தில் ஒருவர் எழுதினார். கருப்பாயி என்ற பெயரை நான்கு விதமாக எழுதலாம், நான்கும் வங்கிகளில் இருக்கின்றன. சிலருக்கு இனிஷியல் முன்னால், சிலருக்குப் பின்னால், சிலருக்கு அப்பா பெயருக்குப் பதில் எஸ்டேட் டிவிஷனின் பெயர். அதனால் ஆதாரில் இருப்பது போல ஒரு முறை தேடிவிட்டு 'இல்லை' என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் உள்ள அதே எழுத்தைப் போடுங்கள். அப்புறம் இனிஷியலை எடுத்துவிட்டு, கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் தேடுங்கள். முகவரிக்கு இப்போதைய வீட்டைப் போடாமல் அன்றைய எஸ்டேட்டின் பெயரைப் போடுங்கள். தளத்தில் வராவிட்டாலும் பாஸ்புக் கையில் இருக்கிறது, அதுவே போதுமான ஆதாரம்.

பாஸ்புக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலை மழையில் இங்கே பெட்டிக்குள் இருக்கும் காகிதமெல்லாம் ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் விரித்து வைத்து, தானாக விலகிய பிறகு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். பிரின்ட் மங்கியிருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தால் எண்கள் தெரியும். வங்கியில் கொடுப்பது நகல் மட்டும். மூலத்தைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. வங்கிகள் பழைய பேரேடுகளை எட்டு ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது 1985 ஆம் ஆண்டு விதி. அப்பாவின் 2008 வரவுக்கு இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் அந்தப் பாஸ்புக்தான் சாட்சியாக இருந்தாலும் இருக்கும்.

வாரிசு விஷயத்துக்கு வருவோம். பாஸ்புக்கில் நாமினி பதிவு செய்த குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா பெயர் இருந்தால் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, விண்ணப்பம், அவ்வளவுதான். நாமினி இல்லாவிட்டாலும் கோர்ட் வரை போக வேண்டாம். இறந்தவர்களின் கணக்கைத் தீர்ப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புதிய விதிகள் கொண்டுவந்தது, 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கிகளும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சொன்னது. அதன்படி வணிக வங்கியில் 15 லட்சம் வரையும் கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரையும் எளிய முறையில் முடிக்க வேண்டும். மற்ற வாரிசுகளிடம் 'எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று கையெழுத்தும், பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுகட்டுவோம் என்ற ஈட்டுறுதிப் பத்திரமும் வாங்குவார்கள். மூன்றாம் நபரின் ஜாமீன் கேட்கக் கூடாது. காகிதம் எல்லாம் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளில் தீர்க்க வேண்டும், அவர்களால் தாமதமானால் வட்டி தர வேண்டும்.

அதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. வாரிசுச் சான்றிதழ் இல்லாவிட்டால், குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, ஆனால் சொந்தக்காரர் அல்லாத ஒருவரின் உறுதிமொழியை வங்கி ஏற்கலாம். ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரோ, எஸ்டேட் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவரோ எழுதித் தரலாம். மேலாளர் ஏற்றுக்கொள்ளும் ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆனாலும் என் யோசனை, இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தாசில்தார் தருவது இன்னும் பல இடங்களில் உதவும். பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. இதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் 2,900 ரூபாய் போனதைவிட, பதில் சொன்ன விதம் தப்பு. "க்ளோஸ்" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த ஒரு சொல்லால் மூன்று வேறு விஷயங்களைச் சொல்வார்கள். கணக்கு செயல்படாமல் முடங்கியிருக்கலாம். பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருக்கலாம். உண்மையிலேயே கட்டணம் பிடித்துப் பிடித்துப் பூஜ்யமாக்கி மூடியும் இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு. முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும் பணம் வாங்கிவிடலாம். வெறுமனே முடங்கியிருந்தால் கேஒய்சி, அதாவது அடையாள, முகவரிச் சான்றுகளைக் கொடுத்து எந்தக் கிளையிலும் திறக்கலாம், குன்னூரில் தொடங்கிய கணக்குக்குக் குன்னூர் போக வேண்டாம். இதற்குக் கட்டணம் கிடையாது. காகிதம் முழுதாகக் கொடுத்தால் மூன்று வேலை நாளில் செய்ய வேண்டும். இவை 2024 ஏப்ரல் முதல் இருக்கிற விதிகள்.

மூன்றாவது வகையாக இருந்தால், தேதிகள்தான் உங்கள் ஆயுதம். 2014 மே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது. நீங்கள் கடைசியாகத் தொட்டது 2013 ஜூன். இரண்டு ஆண்டு கழித்து, 2015 ஜூனில் அது செயல்படாத கணக்கு. அதற்குப் பிறகு மினிமம் பேலன்ஸ் என்ற பெயரில் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் விதிக்குப் புறம்பானது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டில் பிடித்தது வேறு மாதிரி. அதை விதிப்படிப் பிடித்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 2015 ஏப்ரல் முதல், இருப்பு குறைந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் கொடுத்த பிறகுதான் பிடிக்கலாம். அந்தக் கட்டணத்தால் மட்டும் இருப்பு மைனஸில் போகவும் கூடாது. இன்னொன்றும் பாருங்கள்: மாணவியாக இருந்தபோது தொடங்கிய கணக்கு என்கிறீர்கள். அது அடிப்படை சேமிப்புக் கணக்காக இருந்தால் அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. கணக்கு தொடங்கிய படிவத்தின் நகலைக் கேளுங்கள்.

ஆகவே முதல் கடிதத்தில் பணத்தைக் கேட்காதீர்கள், 2013 ஜூனிலிருந்து மூடிய நாள் வரைக்குமான கணக்கு விவரத்தைக் கேளுங்கள். பொதுத்துறை வங்கியாக இருந்து, கொடுக்காமல் இழுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் வங்கிக்கு அந்த வழி இல்லை.

விவரம் வந்ததும் இரண்டாவது கடிதம். இதில் வார்த்தைதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "2016 இல் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதினால், வங்கி உடனே காலாவதி என்று சொல்லும். பண வழக்குக்கு மூன்று ஆண்டுதான் என்பது 1963 ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம், அதை அவர்கள் நீட்டுவார்கள். நீங்கள் கட்டணத்தைக் கேட்க வேண்டாம். உங்கள் இருப்பைக் கேளுங்கள். அதே சட்டத்தின் அட்டவணையில் 22 ஆவது இனத்தைப் படித்துப் பாருங்கள். கேட்டவுடன் தர வேண்டிய வைப்புக்கு, அதாவது வங்கியிடம் வாடிக்கையாளர் வைத்த பணத்துக்கு, அந்த மூன்று ஆண்டு தொடங்குவது நீங்கள் கேட்ட நாளிலிருந்து. விதிக்குப் புறம்பாக எழுதிய பற்று என் இருப்பைக் குறைக்காது, அந்தப் பணம் இன்னும் என் கணக்கில் இருப்பதாகத்தான் பொருள், அதை இன்று கேட்கிறேன் என்பது உங்கள் நிலை. எந்த மேலாளரும் இதை உடனே ஏற்பார் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் இது நேர்மையான, சட்டத்தில் கால் ஊன்றிய வாதம். 2,900 ரூபாய்க்காக இவ்வளவு தெளிவாக எழுதும் ஒருவரோடு மல்லுக்கட்டுவதைவிடக் கொடுத்துவிடுவதே மேல் என்று வங்கிகள் முடிவெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுதும்போது இப்படி எழுதலாம்: "மேற்கண்ட கணக்கில் 2013 ஜூன் மாதம் என் இருப்பு 2,900 ரூபாய். அதன் பிறகு நான் எதுவும் எடுக்கவில்லை. 2015 ஜூனுக்குப் பின் கணக்கு செயல்படாத நிலையில் இருந்தும் குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் பற்று வைக்கப்பட்டுள்ளது. இது ரிசர்வ் வங்கியின் 2014 மே சுற்றறிக்கைக்கு முரண். இந்தப் பற்றுகளை நீக்கி, என் இருப்பை உரிய வட்டியோடு வழங்கக் கோருகிறேன்." தமிழில் எழுதினாலே போதும். நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அந்தத் தேதியிலிருந்துதான் எல்லாக் கெடுவும் ஓடும். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், தள்ளிப்போடாமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். இணையத்தில் பதியலாம், சண்டிகர் செக்டார் 17 இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448 இல் கூப்பிட்டால் தமிழிலேயே வழி சொல்வார்கள். வங்கியிடம் முதலில் எழுதிக் கேட்டதற்கு அத்தாட்சி இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்காகத்தான் முத்திரையைப் பற்றி இவ்வளவு சொன்னேன்.

பெட்டியில் மூன்றாவதாக ஏதாவது கிடைத்தால் என்ன ஏது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் பாஸ்புக்காக இருந்தால் இதே பத்து வருட விதி பொருந்தும், ஆனால் உத்கம் தளத்தில் தேடிக்கொண்டிருக்காமல் நேரே கிளைக்குப் போங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வைப்பு ரிசர்வ் வங்கியின் இந்த ஏற்பாட்டுக்குள் வராது, சங்கத்திலும் கூட்டுறவுத் துறையிலும்தான் கேட்க வேண்டும். தபால் ஆபீஸ் கணக்கு என்றால், நீண்ட நாள் கேட்கப்படாத பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். அங்கே போன பிறகும் 25 ஆண்டு வரை கேட்கலாம். எஸ்டேட் பி.எஃப். தனி விவகாரம், அதற்கு அப்பாவின் பி.எஃப். எண்ணைத் தேடி எடுங்கள்.

கடைசியாக, இந்தக் கோரப்படாத பணத்தைப் பற்றிப் பேச்சு பரவியதிலிருந்து, "உங்கள் அப்பா பெயரில் ரிசர்வ் வங்கியில் பணம் இருக்கிறது, பிராசசிங் சார்ஜ் கட்டுங்கள்" என்று போன் செய்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி யாருக்கும் நேராகப் பணம் தருவதில்லை, யாரிடமும் கட்டணமும் வாங்குவதில்லை. பணம் வருவது உங்கள் அப்பா கணக்கு வைத்திருந்த வங்கி வழியாகத்தான். இத்தனை சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஆட்களிடம் பாஸ்புக்கின் படத்தைக்கூடக் காட்டாதீர்கள். தெரியாமல் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே 1930 எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். அப்பாவின் வங்கி எது என்று பெயரைச் சொன்னால், அது இன்றைக்கு எந்த வங்கியோடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.